வாசல் கொசுவும் மூன்று டயர் இருக்கைகளும்

எங்கள் வீட்டின் முன்னால் சிமென்ட் தளம் போட்டு, பாதிவரை தகர ஷீட் இறக்கிய ஓர் இடம் உண்டு. வீடு கட்டிய மேஸ்திரி அதைப் போர்டிகோ என்றுதான் சொன்னார். போர்டிகோ என்றால் அதில் ஒரு காராவது நிற்க வேண்டும். எங்களிடம் கார் இல்லை, வாங்கும் உத்தேசமும் இல்லை. ஆகவே அது வாசல் என்றே ஆகிவிட்டது. செங்கல்பட்டைத் தாண்டி, மாமல்லபுரம் பஸ் போகிற சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளிய நகர் எங்களுடையது. பக்கத்து மனை காலி. அதில் சீமைக்கருவேலமும் மழைத்தண்ணீரும் நிரந்தரமாகக் குடியிருக்கின்றன. இந்தப் பக்கம் ஏரி. கொசு இல்லாத மாதம் என்று எங்கள் நகரில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அந்தக் கொசுவோடு ஒரு மழைக்காலம் முழுவதும் நான் மல்லுக்கட்டினேன். கடி பொறுக்காமல் மட்டும் என்றால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருப்பேன். கொசுவால் என் வீட்டுக்காரரின் பேச்சு போய்விடும் போலிருந்தது. அதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எனக்குத்தான் மறை கழன்றுவிட்டது என்று நினைப்பீர்கள்.

அவர் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டில் பங்க்சர் கடை வைத்திருந்தவர். கை வேலை சுத்தம். அதைவிட வாய் வேலை சுத்தம். டயர் மாட்டும் நேரத்துக்குள் லாரிக்காரனைச் சிரிக்க வைத்து அனுப்புவார். டயரில் ஒரு கோளாறும் இல்லாமல், அவர் கிண்டலைக் கேட்கவே வந்து டீ குடித்துவிட்டுப் போகிறவர்கள் இருந்தார்கள். பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்தபோது, கூடவே பேச்சும் விழுந்தது. கால் ஓரளவு திரும்பி வந்தது. கை பிடிக்கும், ஆனால் வேலை செய்யாது. பேச்சுதான் பிடி கொடுக்கவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் எங்களுக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். சொல் எல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கிறது, வெளியே வர நேரம் எடுக்கிறது, அவ்வளவுதான். தினமும் யாராவது அவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். அவர் ஒரு சொல்லுக்காகத் திணறும்போது அதை நாம் பிடுங்கி முடித்துவிடக் கூடாது. காத்திருந்தால் வரும். பிடுங்கப் பிடுங்க, அவர் முயற்சி செய்வதையே விட்டுவிடுவார். அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

காத்திருப்பது என் ஜாதகத்தில் இல்லை. கூடுவாஞ்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தின் ஆபீசில் எனக்கு வேலை. மாலை மின்சார ரயிலில் நின்றுகொண்டே வந்து, இறங்கி, காய்கறி வாங்கி, வீட்டுக்குள் நுழையும்போது எனக்கு அடுப்பு, துணி, தண்ணீர் மோட்டார் எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வரும். அவர் "த…" என்று ஆரம்பித்தால் நான் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு நகர்ந்திருப்பேன். அவர் கேட்டது தலகாணியாக இருக்கும். கொஞ்ச நாளில் என்னிடம் அவர் "ம்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். அது எனக்கு வசதியாகக்கூட இருந்தது என்பதுதான் கேவலம்.

அவரைப் பேச வைத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறவர், இவர் வயதுதான், நல்ல பருமன், ஸ்டேஷன் வாசலில் ஸ்டாண்டு. இன்னொருவர் ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒல்லி, அதிகம் பேசாதவர். அவரை எல்லோருக்கும் அண்ணாத்த என்றுதான் கூப்பிட்டுப் பழக்கம். இரண்டு பேரும் பொழுது சாய்கிற நேரத்தில் வருவார்கள். உள்ளே வாருங்கள் என்றால் வரமாட்டார்கள். ஒருவருக்குப் பீடி, இன்னொருவருக்குத் தெருவைப் பார்க்க வேண்டும். எங்கள் ஹாலும் மூன்று ஆண்கள் கால் நீட்டி உட்காருகிற அளவு கிடையாது. வாசலில்தான் கச்சேரி. அவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கிப் பாதியில் நின்றால், இவர்கள் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்கள். பீடி ஒரு இழுப்பு குறையும். சொல் வந்துவிடும். ஆஸ்பத்திரியில் யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர்களுக்கு அவசரம் இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

அவர்கள் உட்கார இரண்டு, புதிதாக யாராவது வந்தால் உட்கார ஒன்று என்று அவர் செய்தவைதான் அந்த மூன்று இருக்கைகள். கோடையில் ஆரம்பித்தார். கடையைக் காலி செய்தபோது வீட்டுக்கு வந்த பழைய கார் டயர்கள், எல்லாம் பக்கவாட்டில் வெட்டுப்பட்டு வண்டிக்கு உதவாமல் போனவை. இரண்டிரண்டாக ஒன்றின்மேல் ஒன்று வைத்து இறுக்கி, மேலே வட்டப் பலகை போட்டு, தேங்காய் நார்க் கயிற்றைச் சுற்றிச் சுற்றி ஒட்டினார். வலது கை கயிற்றைப் பிடித்துக்கொள்ளும், இடது கை சுற்றும். கைக்கு நல்ல பயிற்சி என்று ஆஸ்பத்திரியிலும் சொன்னார்கள்.

கயிறு சுற்றுவதற்கு முன்னால் அவர் ஒரு வேலை செய்தார். ஒவ்வொரு டயரையும் மடியில் போட்டுத் தடவித் தடவி, வெட்டையும் ஆணி குத்திய ஓட்டையையும் தேடினார். கிடைத்த இடத்திலெல்லாம் உள்பக்கம் தேய்த்து, சொல்யூஷன் பசை தடவி, டியூப் துண்டு வெட்டி ஒட்டினார். ஒரு கையால் செய்கிற வேலை, ஒவ்வொன்றுக்கும் ஒரு மாலை போயிற்று. எனக்குச் சிரிப்பாக வந்தது.

"குந்தறதுக்குத்தான செய்றீங்க? இதுக்கு எதுக்கு ஒட்டு? காத்தடிக்கவா போறீங்க?" என்று கேட்டேன்.

அவர் தலை நிமிராமல், "ஓட்ட… கீது" என்றார்.

அதற்குமேல் அவரிடம் வாதாட முடியாது. ஓட்டையோடு ஒரு டயர் தன் கையைவிட்டுப் போவதை அவர் வாழ்நாளில் அனுமதித்ததில்லை. இருக்கைகள் முடிந்து வாசலில் வைத்தபோது உண்மையில் அழகாகத்தான் இருந்தன. ஷீட்டின் நிழலுக்குள் அவருடைய கை வைத்த நாற்காலியும் ஊன்றுகோலும் இடத்தை அடைத்துக்கொண்டதால், மூன்றும் ஷீட்டின் விளிம்போரம் நின்றன. ஆட்டோக்காரர் முதலில் உட்கார்ந்து அசைந்து பார்த்துவிட்டு, சோபா மாதிரி கீது மச்சான் என்று சர்டிபிகேட் கொடுத்தார். என் வீட்டுக்காரர் முகத்தில் அன்றைக்கு இருந்த பெருமையை நான் மறக்கவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. அதன் பின்னாலேயே கொசு வந்தது. எப்போதும் வருகிற கொசு இருட்டியபிறகு காதில் பாடிக்கொண்டு வரும். இது வெளிச்சம் இருக்கும்போதே, சத்தமில்லாமல், கணுக்காலைப் பார்த்துக் கடித்தது. கருப்பில் வெள்ளை வரி போட்ட ஜாதி. டெங்கு கொசு இதுதான் என்று செல்போனில் எல்லோரும் எல்லோருக்கும் படம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

மூன்று பேரும் காலை ஆட்டிக்கொண்டும் தட்டிக்கொண்டும் உட்கார்ந்திருந்தார்கள். தட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நான் கவனித்தது வேறு. என் வீட்டுக்காரர் ஒரு சொல்லுக்கு நிற்பார். முன்பெல்லாம் பீடி புகைந்த அந்த இடைவெளியில் இப்போது பட், பட் என்று அடி விழும். ஆட்டோக்காரருக்கு இருப்புக்கொள்ளாது. இன்னா மச்சான், ஏரியா, ஏரிக்கரையா, ஏரிக்கு அந்தாண்டயா என்று மூன்று சொல்லை எடுத்து நீட்டுவார். இவர் அதில் ஒன்றுக்குத் தலையாட்டிவிடுவார். அது அவர் சொல்ல வந்தது இல்லை என்று அவர் கண்ணைப் பார்த்தால் எனக்குத் தெரியும். என்னிடம் "ம்" என்று நிறுத்திக்கொண்டதைப் போலவே, அவர்களிடமும் தலையாட்டலில் போய் நிற்கப் பார்த்தார். 

அதைக் கவனித்த அடுத்த நாளே கொசுவை விரட்ட ஆரம்பித்தேன். முதலில் கொசுவர்த்தி. நாலு மூலையிலும் சுருள் வைத்தேன். அவருக்கு இருமல் வந்து, அது இருந்த கொஞ்சப் பேச்சையும் அடித்துக்கொண்டு போயிற்று. பிறகு நொச்சி இலையும் வேப்பிலையும் போட்டு மூட்டம். எதிர்வீட்டிலிருந்து ஓடிவந்து ஏதாவது தீப்பிடித்துவிட்டதா என்று கேட்டார்கள். கொசுவைவிட அண்ணாத்ததான் முதலில் வெளியேறினார். கை கால்களில் தடவும் கிரீம் வாங்கி வைத்தேன். ஆட்டோக்காரர் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, இத தடவிகினு போனா வூட்ல சோறு போடமாட்டா அண்ணி என்று திருப்பிக் கொடுத்தார். மின்சார பேட் வாங்கினேன். அது மூன்று பேருக்கும் விளையாட்டாகப் போய்விட்டது. படபடவென்று பொறி பறக்க அடித்துக்கொண்டே இருந்தார்கள், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

வாசலைச் சுற்றி வலை அடிக்கலாம் என்று ஆளைக் கூப்பிட்டேன். என் வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்தே கையை ஆட்டி மறுத்தார். கோழிக்கூண்டு என்று சொல்ல வந்தார் என்று நினைக்கிறேன். "கோ" வரை வந்தது, நான் முடித்துவிட்டேன்.

இப்படி இருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டோக்காரர் எங்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு மாமல்லபுரம் போனார். கடற்கரையில் சுற்றுலாக் கூட்டத்தை விட்டுத் தள்ளி, படகுகள் ஏற்றி வைத்திருந்த பக்கம் உட்கார்ந்தோம். காற்று சேலையைப் பிடுங்கியது. ஒரு கொசு இல்லை. அண்ணாத்த பீடி பற்றவைக்கப் பட்ட பாட்டை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, அண்ணாத்த ரயில்வேயில் சிக்னல் விளக்கு பிடித்த கதை ஒன்றை எடுத்தார். எடுத்தார், நின்றார், மறுபடி எடுத்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. கதை முடியும்போது இருட்டிவிட்டது. சந்தோஷத்தில் என் பங்குச் சுண்டலையும் அண்ணாத்த கையில் கொடுத்துவிட்டேன். ஆனால் தினமும் கடலுக்குப் போய்ப் பேச முடியுமா?

காற்றுதான் மருந்து என்று மட்டும் பிடித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் நின்றுகொண்டு சுற்றும் பெரிய ஃபேனை வாசலில் வைத்தேன். கொசு உண்மையிலேயே குறைந்தது. ஆனால் ஃபேன் போட்ட இரைச்சலில் அவருடைய மெல்லிய குரல் பக்கத்தில் இருப்பவருக்கே எட்டவில்லை. இன்னா, இன்னா என்று காதைக் கொண்டுவந்தார்கள். இரண்டாம் முறை சொல்வது அவருக்கு மலையேறுகிற மாதிரி. ஃபேனை நானே அணைத்தேன்.

ஏரியைத் திட்டினேன். காலி மனைக்காரனைத் திட்டினேன். நகராட்சியில் சொன்னதில், புகை அடிக்கிற வண்டி வந்து தெருவையே மறைத்துவிட்டுப் போனது. ஒரு மாலை நிம்மதி. அடுத்த மாலை அதே கணுக்கால், அதே கடி.

ஆட்டோக்காரரின் மகள் அப்பாவைத் தடுத்துவிட்டாள் என்று அண்ணாத்த வந்து சொன்னார். அவர்கள் தெருவில் இரண்டு வீட்டில் டெங்குவாம். அவளைக் குறை சொல்ல முடியாது, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அண்ணாத்த மட்டும் சில நாள் வந்தார். பாதி டீயில் எழுந்துவிடுவார். பிறகு அவரும் வரவில்லை. என் வீட்டுக்காரர் அந்த நேரத்துக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு நாற்காலியில் வந்து உட்காருவார். தெருமுனையையே பார்ப்பார். நான் பேச்சுக்கொடுத்தால் "ம்" என்பார். இனிமேல் அந்த "ம்" மட்டும்தான் மிச்சம் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

பள்ளிக்கூடத்துக்கு மழை விடுமுறை விட்ட ஒரு நாள், அந்தக் கோபத்தோடு வாசலைக் கழுவ இறங்கினேன். அவர் நாற்காலியில் இருந்தார். துடைப்பத்தைப் போட்டுவிட்டு முதல் இருக்கையை ஓரமாக இழுத்தேன். வரவில்லை. செய்து முடித்த அன்று நானே தூக்கி வைத்தது, இப்போது கல் மாதிரி கனத்தது. காலை ஊன்றி ஆட்டினேன். உள்ளே சளக் என்று சத்தம் கேட்டது.

சாய்த்துத் தள்ளினேன். பலகைக்கும் கயிற்றுக்கும் நடுவிலிருந்து தண்ணீர் கொட்டியது. டீத்தண்ணீர் நிறத்தில், குடம் குடமாக. சிமென்ட் தரையில் பரவிய தண்ணீரில் கொசுப்புழு நெளிந்தது. அப்படி இப்படி இல்லை, தரையே நெளிந்தது. இரண்டாவது இருக்கையிலும் அதேதான், மூன்றாவதிலும் அதேதான். ஷீட் விளிம்பிலிருந்து சொட்டிய மழை அத்தனையும் கயிற்று வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. டயரின் உள்வளைவில் இறங்கியது வெளியே போக வழியில்லை. வேறு யாராவது செய்த இருக்கையாக இருந்தால், அந்த வெட்டு வழியாகவும் ஆணி ஓட்டை வழியாகவும் தண்ணீர் தானாக ஒழுகிப் போயிருக்கும். இது பங்க்சர் கடைக்காரர் செய்தது. ஒரு சொட்டு போகவில்லை. ஏரியை நான் திட்டிக்கொண்டிருந்த நாளெல்லாம், அந்த மூன்று பேரும் கொசுவின் பிரசவ ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துதான் காலைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

நான் ஏதோ கத்தத்தான் திரும்பினேன்.  அந்தத் தண்ணீரையும் இருக்கைகளையும் அவர் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். கை விழுந்த பிறகு அவர் முழுதாகச் செய்து முடித்த பொருள் அந்த மூன்றுதான். நான் அவற்றைத் தூக்கித் தெருவில் எறியப்போகிறேன் என்று நினைத்திருப்பார். எறிந்துவிடத்தான் நானும் நினைத்திருந்தேன்.

அவர் கையை நீட்டி, "கு…" என்றார்.

குடையா என்றேன். குச்சியா என்று ஊன்றுகோலை எடுத்துக் கொடுத்தேன். குளிக்க வேண்டுமா என்றேன். அவர் ஊன்றுகோலைத் தரையில் ஓங்கி இடித்தார்.

"இரு," என்றார். நோய் வந்த பிறகு அவ்வளவு தெளிவாக ஒரு சொல்லை நான் கேட்டதில்லை. "இரு."

இருந்தேன். ஈரத் தரையில், கையில் துடைப்பத்தோடு, ஒன்றும் செய்யாமல் நின்றேன். நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அவர் உதடு கூடுவதும் பிரிவதுமாக இருந்தது. கடைசியில் வந்தது.

"குத்தூசி."

கட்டிலுக்கு அடியில் கடைச் சாமான் பெட்டி இருக்கிறது. அதிலிருந்து, டயரைக் குத்தித் துளைபோடும் கைப்பிடி வைத்த ஊசியைக் கொண்டுவந்து கொடுத்தேன். முதல் இருக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்து, நான் முழங்காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவர் நாற்காலியில் இருந்தபடியே குனிந்து, அடிப்பக்க ரப்பரை இடது கையால் தடவினார். வெட்டு இருந்த இடம் விரலுக்குத் தெரிந்தது. உள்ளே அவர் போட்ட ஒட்டு அப்படியே பிடித்திருந்தது. அதைக் குத்தவில்லை. அதற்குப் பக்கத்தில், நல்ல ரப்பரில் ஊசியை வைத்து, உடம்பின் பாரத்தையெல்லாம் அதன்மேல் போட்டார். கிறீச்சென்று இறங்கியது. ஊசியைத் திருகிப் பிடுங்கி, இருக்கையை நிமிர்த்தியதும் மிச்சத் தண்ணீர் பொட்டுப் பொட்டாக வந்தது. ஒவ்வொரு டயரிலும் நாலைந்து ஓட்டை. ஒரு ஒட்டைக்கூட அவர் தொடவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கொசு மருந்து பட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு மருந்தே அடிக்கவில்லை.

கொசு முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் எங்கள் நகரில் யாரும் நம்பமாட்டார்கள். இருட்டியபிறகு ஏரிக் கொசு பாடிக்கொண்டு வரத்தான் செய்கிறது. ஆனால் ஒரு வாரம் பத்து நாளில் அந்தக் கணுக்கால் கடி நின்றுபோனது. நான் ரயில் இறங்கியதும் நேராக ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போய், அந்தக் கொசு போய்விட்டது, உங்கள் மகளிடம் நான் பேசட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் அண்ணி, நானே வரேன் என்றார். வரும் வழியில் அண்ணாத்தயையும் அள்ளிப்போட்டுக்கொண்டு வந்தார்.

இரண்டு பேரும் உட்காருவதற்கு முன்னால் கால் பக்கம் கொசு இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்கள். இவ்வளவு நாளாக அத்தனை கொசு எங்கிருந்துதான் வந்தது என்று ஆட்டோக்காரர் கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் டீத் தட்டோடு கதவருகில் நின்றிருந்தேன். பதில் சொல்ல வாயெடுத்தேன், என் வீட்டுக்காரர் கையைத் தூக்கினார்.

"நான்தான்," என்றார். "நீ குந்திகினு கீற பாரு… அதுக்குள்ள… ஒட்டு போட்டு… கொசுவுக்கு…"

அங்கே நின்றுவிட்டது. தொட்டி என்ற சொல் என் நாக்கு நுனியில் நின்றது. தொட்டி கட்டி வைத்தேன் என்று முடித்தால் முடிந்தது, டீயும் ஆறாது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அண்ணாத்த தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏரியிலிருந்து முந்தி வந்த ஒரு கொசு ஆட்டோக்காரரின் முழங்கையில் உட்கார்ந்தது. அவர் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அது ஊசியை இறக்கி, வயிறு சிவந்து கனக்கும்வரை அவர் கையை அசைக்கவில்லை. என் வீட்டுக்காரரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"…வூடு கட்டி," என்றார் அவர், "வாடகைக்கு வுட்டுகினு கீறேன்."

முகத்தில் சிரிப்பே இல்லாமல், கடையில் லாரிக்காரர்களிடம் சொல்கிற அதே தோரணையில் சொன்னார். முதலில் சிரித்தது அண்ணாத்ததான். அதற்குப் பிறகுதான் ஆட்டோக்காரர் தன் முழங்கையில் ஓங்கி ஒன்று அடித்தார்.